பின்பெஞ்சா, பக்கத்து நாற்காலியா? பயிற்சி ஆசிரியருக்கு எப்படித் துணை நிற்பது

ஆடி பிறந்தால் எங்கள் பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியர்கள் வந்துவிடுவார்கள். இந்த ஆண்டு ஆறு பேர். தமிழுக்கு நால்வர், ஆங்கிலத்துக்கு இருவர், எல்லோரும் பி.எட். இரண்டாம் ஆண்டு. அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியர்கள் மூன்றே பேர்: தமிழுக்கு நானும் இன்னோர் அம்மையாரும், ஆங்கிலத்துக்கு ஓர் ஆசிரியை. "யார் யாரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஐயா" என்றார் தலைமையாசிரியர். எழுத உட்கார்ந்தேன், ஒரு தாளில் அடங்கவில்லை. அடங்காததை இங்கே எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இதே வேலையைத் தலையில் வாங்கிக்கொண்டிருக்கும் மொழியாசிரியர்கள் நிறையப் பேர். அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, அதை அடுத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்ததிலிருந்து இந்த வட்டாரப் பள்ளிகளுக்குப் பயிற்சி ஆசிரியர் வரவு நின்றதே இல்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு பி.எட். ஈராண்டுப் படிப்பாயிற்று. பள்ளியில் இருக்கவேண்டிய காலம் 20 வாரம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. பதினாறு வாரம் என்றால் 80 வேலை நாள். காலாண்டுத் தேர்வு, பூசை விடுமுறை, தீபாவளி, மழை எல்லாம் கழித்துப் பார்த்தால் பாடம் நடத்த அறுபது நாள் தேறுவதே பெரிது. அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் படித்தபோது ஓராண்டுப் படிப்பு. பயிற்சி 40 நாள்.

அந்த 40 நாளும் எனக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருந்தார். முதல் நாள் பாடநூலையும் சாக்பீசையும் என் கையில் கொடுத்து, "நடத்துங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனார். நாற்பதாம் நாள் என் உற்றுநோக்கல் பதிவேட்டை வாங்கி ஒரே மூச்சில் அத்தனை பக்கங்களிலும் கையெழுத்திட்டார். வெவ்வேறு நாளில் போட்டதாகத் தெரியட்டும் என்று நீலப் பேனாவையும் கறுப்புப் பேனாவையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார். அந்த அக்கறையில் பாதியை என் வகுப்பில் காட்டியிருக்கலாம். ஊருணியில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வந்துவிடும் என்பார்கள். எனக்கு வந்தது நீச்சல் இல்லை, கரையைப் பிடித்துக்கொண்டே போகும் பழக்கம். குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே இருந்தால் வகுப்பு அடங்கியிருக்கும் என்று கற்றுக்கொண்டேன். அதை மறக்க எனக்குப் பத்தாண்டு ஆயிற்று. ஆகவே 'சும்மா விட்டுவிடுவது' என்ற வழியை ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளவில்லை, பல பள்ளிகளில் நடப்பது அதுதான் என்றாலும்.

மீதி நான்கு.

பின்பெஞ்சில் உட்கார்வது

எல்லோருக்கும் தெரிந்த முறை இது. பயிற்சி ஆசிரியர் நடத்துவார், வழிகாட்டி ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொள்வார், பிறகு பேசுவார்கள். 1950-களின் பிற்பகுதியில் ஹார்வர்டில் மாரிஸ் கோகன் முதலியோர் இதற்கு ஒரு வரிசை வகுத்தார்கள்: பாடத்துக்கு முன் ஒரு பேச்சு, பிறகு பார்ப்பது, பார்த்ததைப் பிரித்து யோசிப்பது, கடைசியில் இன்னொரு பேச்சு. நம் பள்ளிகளில் இந்த நான்கில் நடுவில் உள்ள 'பார்ப்பது' மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

பார்ப்பதிலும் நான் ஒருமுறை சறுக்கினேன். சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பயிற்சி ஆசிரியை வல்லினம் மிகும் இடங்களை நடத்திக்கொண்டிருந்தார். நன்றாகவே நடத்தினார். பாடத்தின் முடிவில் கரும்பலகையில் 'எழுத்து பயிற்சி' என்று தலைப்பிட்டு வினாக்களை எழுதத் தொடங்கினார். வன்றொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்று பத்து நிமிடத்துக்கு முன் சொன்னவர் அவரேதான். என் தமிழ் ரத்தம் பொறுக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "'ப்' எங்கே அம்மா?" என்றேன். நாற்பது தலைகளும் திரும்பின. அவர் 'ப்' போட்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த இரண்டு வாரம் அவர் எதைச் சொன்னாலும் முன்வரிசைப் பிள்ளைகள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்கள். அவர் 'இது உவமைத்தொகை' என்பார். தலைகள் என் பக்கம் திரும்பும். நான் தலையசைத்த பிறகுதான் பேனா ஓடும். ஓர் ஒற்றைக் காப்பாற்றப் போய் ஓர் ஆசிரியையின் வகுப்பைக் கெடுத்துவிட்டேன். கடைசி நாள் விடைபெறும்போது அவர், "ஐயா, தப்பு என்னுடையதுதான். மணி அடித்த பிறகு சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து பின்பெஞ்சில் என் வாய்க்குப் பூட்டு. ஆனால் கைக்கு வேலை வேண்டும். கல்லூரி கொடுக்கும் படிவத்தில் 'குரல்வளம், கரும்பலகைப் பயன்பாடு, துணைக்கருவிகள், மாணவர் பங்கேற்பு' என்று கட்டங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் 'நன்று' போடலாம். 'நன்று' என்று எழுதப்பட்டதை வைத்துக்கொண்டு எவரும் நாளைக்கு எதையும் மாற்ற முடியாது. பி.எட். வகுப்பில் ஃபிளாண்டர்ஸ் முறையையும் படித்திருப்பார்கள்: வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்து, மூன்று நொடிக்கு ஓர் எண் குறிப்பது. தேர்வுக்கு நல்ல பாடம். 40 நிமிடத்துக்கு 800 எண். எனக்குக் கண் கட்டிவிடும்.

நான் செய்வது ஒன்றே ஒன்று. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் எண்ணுவேன், அதையும் முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்வேன்: "இன்றைக்கு எதைப் பார்க்கட்டும்?" சென்ற ஆண்டு ஒருவர், "நான் கேட்கும் கேள்விக்குப் பிள்ளைகள் பதிலே சொல்வதில்லை ஐயா, அதைப் பாருங்கள்" என்றார். ஒன்பதாம் வகுப்பு, ஆகுபெயர். "'ஊர் சிரித்தது.' சிரித்தது எது?" என்று கேட்டார். நான் மனத்துக்குள் 'ஒன்று' என்று எண்ணி முடிக்கவில்லை, அதற்குள் அவரே, "ஊரில் உள்ள மக்கள். எனவே இடவாகுபெயர்" என்று முடித்துவிட்டார். பாடம் முழுக்க இப்படித்தான். என் நோட்டில் 23 கேள்விகள் விழுந்தன. அவற்றில் 17-க்கு அவரே பதில் சொல்லியிருந்தார். நோட்டை அவர் முன் திருப்பி வைத்தேன். ஒரு சொல்கூடப் பேசவேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் இதையே அளந்து எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லாமல் விழிப்பது குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மறுநாள் நம் பயிற்சி ஆசிரியர் உள்ளங்கையில் பேனாவால் '3' என்று எழுதிக்கொண்டு வந்தார். அதே கேள்வி. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்: "ஊர் எப்படி மிஸ் சிரிக்கும்? ஆச்சிமார்கள்தான் சிரிப்பார்கள்." வகுப்பே கொல்லென்று சிரித்தது. இடவாகுபெயர் இனி அந்த வகுப்பில் யாருக்கும் மறக்காது.

இந்த முறையின் நெருக்கடி எங்கே என்றால், பார்ப்பதில் இல்லை. என் வகுப்பைத்தான் அவர் நடத்துகிறார், ஆகவே அந்த 40 நிமிடம் எனக்கு ஏற்கெனவே ஓய்வு. பிறகு பேசும் இருபது நிமிடம்தான் கிடைப்பதில்லை. மணி அடித்ததும் நான் அடுத்த வகுப்புக்கு ஓடவேண்டும்; மாலையில் பேசலாம் என்றால் அவர் தேவகோட்டைப் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். மறுநாள் பேசினால் சோறு ஆறிப்போயிருக்கும். அந்தச் சிறுமி என்ன சொன்னாள், எந்த இடத்தில் வகுப்பு நழுவியது என்பதெல்லாம் இருவருக்குமே மங்கிவிடும். பின்பெஞ்சு வேலை செய்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கால அட்டவணை.

பக்கத்து நாற்காலி

இரண்டாவது வழி, சேர்ந்து நடத்துவது. பாடத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதை நான் சொல்லவில்லை. ஒரே வகுப்பில் இருவரும் இருப்பது. ஒருவர் பேசும்போது மற்றவர் வரிசைகளுக்கிடையில் நடந்து நோட்டைப் பார்ப்பது. 'கண் பார்த்தால் கை செய்யும்' என்பது இங்கே பொருந்தும். என் வகுப்பை அவர் பார்க்கிறார், அவர் கையை நான் பார்க்கிறேன். தனியாகப் பேச நேரம் ஒதுக்கவேண்டியதும் குறைகிறது, ஏனென்றால் பாதிப் பேச்சு அங்கேயே கண்ஜாடையில் முடிந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள். ஒரு பையன் உரைநடைப் பத்தியை வாசித்தான். எங்கள் பக்கப் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும்; அவனும் 'வாளை', 'மளை', 'கிளவி' என்று படித்துக்கொண்டே போனான். பயிற்சி ஆசிரியை ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்தினார். நான்காவது நிறுத்தத்தில் அவன் குரல் இறங்கியது. ஆறாவதில் உதடு மட்டும் அசைந்தது. நான் பின்பெஞ்சில் இருந்திருந்தால் மணி அடிக்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கவேண்டும். பக்கத்தில் இருந்ததால், "அடுத்த பத்தியை நான் ஒரு வரி, நீ ஒரு வரி" என்று அவனோடு சேர்ந்து வாசிக்க முடிந்தது. என் வரிகளில் வந்த ழகரங்களைச் சற்று அழுத்தினேன். அவன் வரியில் ஆறில் இரண்டு தானாகத் திருந்தியது. மீதி நான்கு இன்னொரு நாளைக்கு. பயிற்சி ஆசிரியை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நானாக எதையும் விளக்கவில்லை.

மொழி வகுப்புக்கு இம்முறையில் ஒரு தனி ஆதாயம் உண்டு. அதை எங்கள் ஆங்கில ஆசிரியைதான் கண்டுபிடித்தார். உரையாடல் பாடத்தைத் தனி ஆளாக நடத்துவது எவ்வளவு அபத்தம் என்று பாருங்கள்: கடைக்காரரும் அவரே, வாங்குகிறவரும் அவரே. பயிற்சி ஆசிரியர் வந்தபின் இருவரும் வகுப்பின் முன் நின்று நிஜமாகவே பேரம் பேசினார்கள். தமக்கு முன்னால் பெரியவர்கள் இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதைப் பல பிள்ளைகள் அன்றுதான் முதலில் பார்த்தார்கள். தொடக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பயிற்சி ஆசிரியருக்கு, மொழிபெயர்க்காமலும் புரியவைக்கலாம் என்ற தெம்பு அந்த வாரத்தில்தான் வந்தது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பிள்ளைகள் அவரைக் 'குட்டி மிஸ்' என்று முடிவுகட்டிவிடுவார்கள். சந்தேகம் என்னிடம் வரும், கழிப்பறைக்கு அனுமதி அவரிடம் போகும். தவிர, நானும் ஒரு தமிழாசிரியன். இருக்கும் வகுப்பில் பேசாமல் இருப்பது எனக்கு அவ்வளவு எளிதன்று.

இருவர் இருவராக

மூன்றாவது, பயிற்சி ஆசிரியர்களையே ஒருவருக்கொருவர் துணையாக்குவது. ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, திருத்தி மறுபடி நடத்திப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நமக்கும் துணையாசிரியர் மரபு புதிதல்ல. மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையின் சாயலைத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 'மெட்ராஸ் முறை' என்று பரப்பினார்.

இதன் பெரிய வசதி, பயமின்மை. என்னிடம் சொல்லாததை ஒருவருக்கொருவர் சொல்வார்கள். உண்மையான பேச்செல்லாம் தேவகோட்டைப் பஸ்ஸில்தான் நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருவருக்கும் ஒரே இடத்தில் கண் தெரியாது. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதிய குறிப்புகளைப் புரட்டினேன்: 'மிக அருமை', 'சிறப்பு', 'பாடல் இனிமை'. அவர்கள் மேல் குற்றமில்லை. எதை எண்ணுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. எதை எண்ணவேண்டும் என்று சொல்லிவிட்டால், யார் யாரிடம் கேள்வி போயிற்று என்று இருக்கை வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொன்னால், என்னைவிடத் துல்லியமாகச் செய்கிறார்கள். ஜன்னலோர வரிசைக்கு நாற்பது நிமிடத்தில் ஒரு புள்ளிகூட விழவில்லை என்பதை ஒரு பயிற்சி ஆசிரியர் தம் தோழியிடம் சொன்னபோது, அவர் அதை ஏற்றுக்கொண்ட வேகத்தில் என்னிடம் ஏற்றிருக்க மாட்டார்.

கைபேசி

இப்போதெல்லாம் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான்: காணொளி எடுத்துப் பார்த்தால் போயிற்று. எனக்கு இதில் இரண்டு தயக்கம். முதலாவது, வகுப்பைப் படம்பிடித்தால் நாற்பது பிள்ளைகளின் முகம் ஒருவர் கைபேசிக்குள் போய்விடுகிறது. பெற்றோர் அனுமதி இல்லாமல் அது கூடாது. வாங்கினாலும் அது எங்கெங்கே சுற்றும் என்று யார் பொறுப்பேற்பது? இரண்டாவது, படத்தைப் பார்க்கும் பயிற்சி ஆசிரியர் தம் புடவை மடிப்பையும் கையசைவையும்தான் முதல் பத்து நிமிடம் பார்க்கிறார்.

மொழி வகுப்புக்குப் படம் எதற்கு? குரல் போதும். மேசைமேல் கைபேசியைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் பதியுங்கள்; அதற்கும் தலைமையாசிரியரிடமும் வகுப்பிலும் சொல்லிவிட்டு, பேசி முடித்ததும் அழித்துவிடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல் செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்குள் கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். பூவேலை கண்ணாடிப் பக்கம் குப்புற இருக்கும், செய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது முதுகுப்புறச் சிமெண்டுதான். கண்ணாடியை விட்டு எடுக்கும்போதுதான் முகம் தெரியும். தன் வகுப்பை ஒலியில் கேட்பது அப்படி.

எங்கள் பக்கத் தமிழ்ப் பயிற்சி ஆசிரியர்களுக்கு இது கூடுதலாகத் தேவை. காரணம், கம்பன் விழா. சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து பங்குனி மகம், பூரம், உத்தரம் இங்கே, அத்தம் நாட்டரசன்கோட்டையில் என்று மேடைத் தமிழ் கேட்டு வளர்ந்த பூமி இது. எனக்கும் அது உயிர். ஆனால் அந்தக் குரலோடு எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் ரசிகர்களாகிவிடுவார்கள், கைதட்டுவார்கள், கற்கமாட்டார்கள். இதை நேரில் சொன்னால் மனம் நோகும். ஓர் இளைஞர் தம் வகுப்பின் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு வந்து, "ஐயா, இருபத்திரண்டு நிமிடம் நானே பேசியிருக்கிறேன். நடுவில் ஒரு பெண் ஏதோ கேட்கிறாள், அது எனக்குக் காதிலேயே விழவில்லை" என்றார். இதைவிட நான் என்ன சொல்லிவிட முடியும்?

ஆனால் ஒலிப்பதிவு தனியாக வேலை செய்யாது. தனியே கேட்பவர், ஒன்று எல்லாம் மோசம் என்று சோர்ந்துபோவார், அல்லது தம் குரலில் தாமே மயங்குவார். அருகில் ஒருவர் வேண்டும்.

கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்து பார்த்துப் போவதை ஐந்தாவதாகச் சேர்க்கலாம். அவர் வருகிற நாளில் துணைக்கருவிகள் பளபளக்கும், வகுப்பு மூச்சுவிடாமல் இருக்கும். அதை வைத்து மதிப்பெண் போடட்டும். வழிகாட்டும் கணக்கில் அதைச் சேர்க்கவேண்டாம். மதிப்பெண்ணும் வழிகாட்டுதலும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் என் பங்கு மதிப்பெண்ணிலேயே பார்த்திருக்கிறேன். போடும் கை என்னுடையது என்று தெரிந்த நாளிலிருந்து, சரியாக வராத பாடத்தை எனக்குக் காட்டமாட்டார்கள். மெருகேற்றிய பாடத்தைத்தான் காட்டுவார்கள். இந்த ஆண்டு தமிழைப் பொறுத்தவரை நானும் அந்த அம்மையாரும் மாற்றிக்கொள்கிறோம். நான் வழிகாட்டுகிறவர்களுக்கு அவர் மதிப்பெண் போடுவார், அவருடையவர்களுக்கு நான். ஆங்கிலத்துக்கு ஓர் ஆசிரியைதான் என்பதால் அங்கே இது முடியாது. தலைமையாசிரியரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

இனித் தாளில் எழுதியது. முதல் இரண்டு வாரம் பக்கத்து நாற்காலி, அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது. மூன்றாம் வாரத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் வாரம் இரண்டு முறை பின்பெஞ்சு, ஒரு முறைக்கு ஒரே பொருள், எண்ணிக்கையில். மற்ற வகுப்புகளில் துணைவர் பார்ப்பார், புள்ளி வைக்கும் வரைபடத்தோடு. ஒலிப்பதிவு எட்டாம் வாரம் ஒரு முறை, பதினான்காம் வாரம் ஒரு முறை. முன்னதாக வேண்டாம், பாடத்தைக் கொண்டுபோகவே தடுமாறுகிறவருக்குத் தம் குரல் கேட்பது தண்டனை. ஒரே தமிழாசிரியர் இருக்கும் சிறிய பள்ளி என்றால் நான் இதை அப்படியே சொல்லமாட்டேன். அங்கே துணைவர் முறையையும் ஒலிப்பதிவையும் முதன்மையாக வைத்து, பின்பெஞ்சை வாரம் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றையாவது தவறவிடக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு வரியைச் சிவப்பு மையில் எழுதினேன்: பின்பெஞ்சில் உட்காரும் வகுப்புகள் இரண்டாம் பாடவேளையாகவோ நான்காம் பாடவேளையாகவோ மட்டும் இருக்கவேண்டும். இரண்டுக்குப் பின் இடைவேளை, நான்குக்குப் பின் சாப்பாடு. எங்கள் பள்ளி ஒரு பழைய நகரத்தார் வீட்டில் தொடங்கியது. முகப்புத் திண்ணை இன்னும் இருக்கிறது, வழவழவென்று, மதியத்திலும் குளிர்ச்சியாக. சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே போய் உட்கார்ந்தால் இருபது நிமிடம் யாரும் தேடமாட்டார்கள்.

தலைமையாசிரியர் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் சரி என்றார். ஒன்பது ஆ பிரிவின் நான்காம் பாடவேளை மட்டும் கணக்கு ஆசிரியரிடம் இருக்கிறது, அதை நானே கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டுமாம். வெயில் ஏறிய பிறகு கணக்கு ஏறாது என்று சொல்லிச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளை எதையும் தொடாதவர் அவர். நாளைக் காலை தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.